செஞ்சிக்கோட்டைடா!

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செஞ்சிக்கு வந்தது கோட்டையைப் பற்றி எழுதத்தான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அல்லவா? பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. "ராஜகிரி உச்சியிலிருந்து நாலு படம், ஆயிரம் வார்த்தை" என்று அனுப்பிவைத்தார் ஆசிரியர். வேர்க்க விறுவிறுக்க ஏறினேன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும் இடத்தில், அந்தக் குட்டிப் பாலத்தை இருபது கோணத்தில் படம் எடுத்தேன். கீழே இறங்கி கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தால், கார்டைப் படிக்க முடியவில்லையாம். ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்கிறது!

மூன்று மணி நேரம் மலை ஏறி இறங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

திருவண்ணாமலை ரோட்டில் மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை ஒன்றில் பாதி ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே இருபத்தைந்து, இருபத்தாறு வயதுத் தம்பி. கார்டை வாங்கினான், "எதுக்கும் ஓகே குடுக்கலையே?" என்று கேட்டான், பத்து நிமிடத்தில் இருபது பாலங்களையும் மீட்டுக் கொடுத்துவிட்டான். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டியவள்தான். ஆனால் கண் பின்னால் போய்விட்டது. சாலிடரிங் புகை மஞ்சளாக்கிய ஒரு திரை. அது காற்றில் விலகியபோது, மேசை மேல் பளபளவென்று ஒரு கறுப்புப் பெட்டி. பெரியது, கொழுத்தது, முதுகு வளைந்தது.

"அது என்னப்பா?"

"பிஎஸ்3க்கா, கேம் பெட்டி. மொத மாடல். கடை சாத்துனப்புறம் ராத்திரிதான் தொடுவேன். இன்னைக்கு பூட்டத் தொறக்கப் போறேன், பாக்குறீங்களா?"

பாக்குறீங்களாவாம்! கல்யாணப் பந்தியில் "பாயசம் வேணுமா?" என்று கேட்பார்களே, அது மாதிரி. திண்டிவனம் பஸ்ஸை விட்டேன். ஆசிரியருக்கு, "கார்டு பிரச்சினை, நாளை வருகிறேன்" என்று ஒரு செய்தி. பொய் இல்லை, அல்லவா?

இரவு ஒன்பதரை. ஷட்டர் முழுக்க இறங்கியது. வாங்க, நீங்களும் திரைக்குப் பின்னால் வாங்க. மேசையை மட்டும் ஆட்டாதீங்க.

பெட்டிக்குச் சொந்தக்காரரும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். 2010 வாக்கில் இதே ஊரில் கேம் கடை நடத்தியவர், மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் செருப்பைக் குவித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், எட்டு மணிக்கு யாராவது அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகிற வரை ஓயாது என்றார். அந்தப் பையன்களெல்லாம் இப்போது பெங்களூரிலும் துபாயிலும். பொங்கலுக்கு வருகிறார்களாம், பழைய கிரிக்கெட் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆடவேண்டுமாம். பெட்டியை எடுத்துத் தூசி தட்டி ஆன் பண்ணினால், கோப்பு முறைமை கெட்டுவிட்டது, சரிசெய்கிறேன் என்கிறது. சரிசெய்கிறது. மறுபடி அதையே சொல்கிறது.

தம்பி பவர் பட்டனை விரலால் அமுக்கிப் பிடித்துக் காட்டினான். ஒரு பீப். விடவில்லை. பிறகு அடுத்தடுத்து இரண்டு பீப். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது, சேஃப் மோட். மூன்றாவது வரி கோப்பு முறைமையைச் சரிசெய்வது. ஐந்தாவது வரி பெட்டியையே புதுசாக்கிவிடுவது. "இந்த அஞ்ச அமுக்கியிருந்தா அண்ணனோட ஆட்டமெல்லாம் போயிருக்கும். நல்லவேளை, பயந்துபோய் எங்கிட்ட கொண்டுவந்துட்டாரு."

பயம் நல்லது என்பதற்கு இன்னொரு சாட்சி.

இனி டிஸ்க்கைக் கழற்றும் படலம். பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பினால் உள்ளே ஒரே ஒரு நீலத் திருகு! மற்ற திருகெல்லாம் கறுப்பும் வெள்ளியுமாக இருக்க, இது மட்டும் கண்ணைப் பறிக்கும் நீலம். டிஸ்க்கை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனியே கையேட்டில் எழுதிக் கொடுத்த இடம் இது. உருவி எடுத்தால் லேப்டாப்பில் இருக்கும் அதே இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க், 60 ஜிபி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சாதாரணமா?

"சாதாரணமா? இதோ பாருங்க." அதை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, விண்டோஸ் ஓடும் பழைய லேப்டாப் ஒன்றில் செருகினான். டிஸ்க் காலியாக இருக்கிறது, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டது அது. கேட்கும்போதே 'ஓகே' பட்டன் நீலமாக மினுங்குகிறது. உரக்கடைக்காரர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தம்பி நிதானமாகக் கேன்சலை அழுத்தினான். "நெறைய பேரோட பிஎஸ்3 டிஸ்க் செத்தது இந்த ஒரு பட்டன்லதான். காலியா இல்லக்கா. விண்டோஸுக்குப் புரியல, அவ்ளோதான்."

இந்தப் பெட்டி தன் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு பைட்டையும் மறையாக்கித்தான் எழுதுகிறது. விளையாட்டு, சேவ் கோப்பு மட்டும் அல்ல; எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையே மறைக்குள் இருக்கிறது. வீட்டைப் பூட்டியதோடு தெருவின் பெயர்ப்பலகையையும் கழற்றி உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி.

லினக்ஸ் ஓடும் இன்னொரு கணினியில், முந்தைய இரவே டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தான். டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள். 11 கோடியே 72 லட்சம் செக்டர்கள், செக்டருக்கு 512 பைட். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், மற்றதையெல்லாம் எடுத்த பிறகு திரும்பிவந்து கெஞ்சிக் கேட்கும். இனி என்ன விபரீதம் நடந்தாலும் நகலுக்குத்தான் நடக்கும், அசல் டிஸ்க் கவருக்குள் போய் ஓரமாகப் படுத்துவிட்டது.

நகலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தான். இடது பக்கம் எண்ணும் எழுத்துமாக வரிசைகள், வலது பக்கம் குப்பை. நான் கொட்டாவியை அடக்கினேன். "இருங்கக்கா, இதுதாங்க நல்ல எடம்" என்று வேகமாகக் கீழே ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினான். "இந்த 512 பைட்ட பாத்துக்குங்க. இப்ப அடுத்தது. அதுக்கடுத்தது."

ஒன்றேதான்! குப்பைதான், ஆனால் அதே குப்பை. அச்சு அசலாக, வரிசை வரிசையாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதல் தலைமுறைப் பெட்டிகளில் இருந்த ஓட்டை இது. பூட்டு நல்ல பூட்டுதான். பெல்ஜியத்துக்காரர்களான டேமனும் ரைமனும் செய்து, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ். 192 பிட் சாவி. எத்தனை சாவி சாத்தியம் என்றால் 6 போட்டுப் பின்னால் 57 சைபர். எட்டு வருஷம் செஞ்சியை முற்றுகையிட்டு 1698-இல் பிடித்த சுல்பிகார் கானாலேயே முடியாது. ஆனால் பூட்டுகிற முறையில் ஒரு சோம்பேறித்தனம். ஒவ்வொரு செக்டரையும் ஒரே தொடக்க மதிப்பிலிருந்து, சைபரிலிருந்து, மறையாக்குகிறது. அதனால் டிஸ்க்கில் எங்கே இருந்தாலும் ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே மறை. வெறும் சைபர் நிரப்பிய செக்டர்கள் அடுத்தடுத்து இருந்தால், தெரு முழுக்க எல்லா வாசலிலும் ஒரே கோலம். கோலத்தின் அர்த்தம் தெரியாது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே ஆள்தான் போட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? பின்னால் வந்த மாடல்களில் எக்ஸ்டிஎஸ் என்ற முறைக்கு மாறினார்கள். அதில் வீட்டு எண்ணையும் மாவில் கலந்துதான் கோலம் போடவேண்டும். உள்ளே ஒன்றாகவே இருந்தாலும் வாசலுக்கு வாசல் வேறு கோலம்.

"சரி தம்பி, சாவி எங்கே? இது கோட்டை மாதிரிதானே? மூணு மலை, மூணு சுவர்..."

"அக்கா!" அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "செஞ்சிக்கு வர்ற எல்லாரும் எதப் பாத்தாலும் கோட்டை மாதிரின்றாங்க. எங்க தெரு கால்வாய ஒருத்தர் அகழின்னு எழுதிட்டாரு. இது கோட்டையெல்லாம் இல்ல. அந்தக் காலத்து ரேஷன் கார்டு. எந்தக் கடையில பேரு பதிஞ்சிருக்கோ அந்தக் கடையிலதான் சர்க்கரை."

சரிதான். சுல்பிகார் கானை மேலே எழுதிவிட்டேனே தம்பி, அதற்கு மட்டும் மன்னிப்பு.

இந்த டிஸ்க்கை இதே மாடல், இதே நிறம் உள்ள வேறொரு பிஎஸ்3-இல் போட்டால், "தெரியாதே, ஃபார்மட் செய்யட்டுமா?" என்றுதான் கேட்கும். காரணம், சாவி டிஸ்க்கில் இல்லை. பெட்டியின் போர்டில் இருக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக. எல்லாச் சாவிக்கும் தாயான மூலச் சாவி ஒன்று, அதிலிருந்துதான் டிஸ்க் சாவி பிறக்கிறது. அந்த மூலச் சாவியின் நீளம் வெறும் 48 பைட். கணினியில் பொதுவாக ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். நான் போனிலேயே எண்ணிப் பார்த்தேன். 'செஞ்சிக்கோட்டை' என்று எழுதினால் 42 பைட். ஆறு பைட் மிச்சம். 'டா' சேர்த்தால் மிகச் சரியாக 48! 'செஞ்சிக்கோட்டைடா' என்ற ஒரு சொல் பிடிக்கும் இடத்துக்குள் பதினைந்து வருஷத்து ஆட்டம் மொத்தமும் பூட்டிக் கிடக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

அந்த 48 பைட்டை எடுக்க முடிவதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பிஎஸ்3 2006 நவம்பரில் வந்தபோது, அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளக் கம்பெனியே வழிவைத்திருந்தது. அதர்ஓஎஸ் என்று பெயர். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே கேட்கும்: லினக்ஸுக்கு 10 ஜிபி தரவா, அல்லது விளையாட்டுக்கு 10 ஜிபி வைத்துக்கொண்டு மிச்சத்தை லினக்ஸுக்குத் தரவா? நடுவில் பங்கு பிரிக்கிற பேச்சே கிடையாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியலாளர், 2007-இல் எட்டு பிஎஸ்3-களை இணைத்துக் கருந்துளைக் கணக்குப் போட்டார். அமெரிக்க விமானப்படை 2010-இல் 1,760 பெட்டிகளைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அதே 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், இந்த லினக்ஸ் வாசல் வழியாகவே பெட்டியின் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டதாக அறிவித்தார். ஏப்ரல் 1-ஆம் தேதி 3.21 என்ற அப்டேட் வந்தது. அதர்ஓஎஸ் போய்விட்டது. முட்டாள்கள் தினம் என்பதால் விளையாட்டோ என்று நினைத்தவர்கள் உண்டு. விளையாட்டு இல்லை.

கொடுத்ததைப் பிடுங்கினால் கோபம் வராதா? அந்த டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடை ஏறியது. கம்பெனி தன் மென்பொருளில் போடும் டிஜிட்டல் கையெழுத்தில், ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதுசாக ஒரு ரகசிய எண்ணைக் குலுக்கி எடுக்கவேண்டும். கம்பெனிக்காரர்கள் எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள்! இரண்டு கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. நம்ம ஊர்ப் பத்தாம் வகுப்புக் கணக்கு. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவியே விடையாக வந்துவிட்டது. 2011 ஜனவரியில் ஹாட்ஸ் தான் கண்டெடுத்த சாவியை வெளியிட, வழக்கு, ஏப்ரலில் சமரசம்.

ஒரு குழப்பம் வேண்டாம். பெர்லினில் உடைந்தது ஏஇஎஸ் பூட்டு அல்ல, கையெழுத்து. ஆனால் கையெழுத்தைப் போலவே போட முடிந்தால், 'நான் உங்க ஆள்தான்' என்று சொல்லி உள்ளே போகலாம். இந்தப் பெட்டியின் செல் சிப்பில் எட்டுத் துணைச் செயலிகள். ஒன்றை ஆலையிலேயே அணைத்துவிடுவார்கள், ஆறு விளையாட்டுக்கு. மிச்சமிருக்கும் ஒன்று பெட்டியின் சொந்த வேலைக்கு. ஒரு துணைச் செயலி கதவைச் சாத்திக்கொண்டு தனிமையில் வேலை செய்ய ஏற்பாடு உண்டு. அப்போது முதன்மைச் செயலியால்கூட உள்ளே பார்க்க முடியாது. மூலச் சாவி புழங்குவது அந்தச் சாத்திய அறையில்தான். 'உங்க ஆள்' ஆன பிறகு, அந்த அறைக்குள் நம் ஆளையே உட்காரவைத்துச் சாவியை வாங்கிவிடலாம். முதல் தலைமுறைப் பெட்டிகளில் இது நடக்கும். கடைசியாக வந்த மாடல்களில் அந்த அறையின் கதவையே மாற்றிவிட்டார்கள்.

டீ முடிந்தது. வேலைக்கு வருவோம்.

கெட்ட டிஸ்க்கை வைத்துக்கொண்டு பெட்டி எழுந்திருக்காது. எழுந்தால்தானே சாவி கேட்க முடியும்? அதனால் 250 ஜிபி புது டிஸ்க் ஒன்றை அந்தத் தட்டில் பொருத்தி, நீலத் திருகை முடுக்கி உள்ளே தள்ளினான். பெட்டி புதியவனைப் பார்த்ததும், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அன்று நான் கேட்ட மூன்றாவது 'ஃபார்மட்'. இந்தமுறை மட்டும் தம்பி சிரித்துக்கொண்டே 'யெஸ்' கொடுத்தான்.

சில நிமிடங்கள்தான். 250 ஜிபியையும் துடைக்க அது போதாதே என்று கேட்டேன். துடைக்கவில்லையாம். புது அட்டவணை, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு தலைப்புப் பக்கம், அதன் பிரதிகள், கோப்புப் பெயர்களை எழுத வெற்றுப் பட்டியல், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நோட்டில் பெயர், வகுப்பு எழுதி, பக்க எண் போடுகிற வேலை. செட்டிங்ஸில் 'ஃபுல் ஃபார்மட்' என்று இன்னொன்று இருக்கிறது. அது மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டுவரும். முதல் மாடலில் இன்னொரு சௌகரியம்: பெட்டியின் சொந்த மென்பொருள் போர்டிலேயே, 256 எம்பி நாண்ட் சிப்பில் குடியிருக்கிறது. பின்னால் வந்தவற்றில் அதில் பெரும்பகுதியை டிஸ்க்குக்கே தள்ளிவிட்டார்கள். அதனால் புது டிஸ்க் போட்டால் அப்டேட் கோப்பைப் பென் டிரைவில் வைத்துக் கொடுக்கவேண்டும். ஃபோல்டர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும், ஒரு எழுத்து சின்னதானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பெட்டி எழுந்தது. தம்பி ஏற்கெனவே போட்டிருந்த மாற்று ஃபர்ம்வேரில், ஒரு சின்ன நிரலை ஓடவிட்டான். பென் டிரைவில் ஒரு கோப்பு விழுந்தது. அளவைப் பார்த்தேன். 48 பைட்.

"செஞ்சிக்கோட்டைடா!" என்றேன். உரக்கடைக்காரர் காரணம் புரியாமல் கைதட்டினார்.

மணி பதினொன்று. சாவியை லினக்ஸ் கணினிக்குக் கொடுத்து, நகலின் மேல் ஏஇஎஸ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தால்... குப்பை. சுத்தமான, புதிய குப்பை. தம்பி முகம் வெளிறியது. சாவி தப்பா? நகல் தப்பா? மூன்று பேரும் மௌனமாகத் திரையைப் பார்த்தோம். வெளியே ஒரு லாரி போனது. பிறகு அவன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "ஸ்வாப்! ஜோடி மாத்த மறந்துட்டேன்!"

இந்த டிஸ்க்கில் பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்பது இரண்டு, ஒன்று, நாலு, மூன்று என்று. முதலில் ஜோடி மாற்றவேண்டும், அப்புறம்தான் மறை நீக்கவேண்டும். வரிசை தப்பினால் எல்லாம் தப்பு. கட்டளையை மாற்றி அடித்தான்.

முதல் செக்டர் திறந்தது. கொஞ்சம் சைபர். அப்புறம் பார்ட்டிஷன் அட்டவணையின் அடையாளக் குறி. ஹெக்ஸ் எழுத்துகளில் வாசித்தால் முதல் பாதி 'ஃபேஸ் ஆஃப்'. இரண்டாம் பாதி 'டெட் ஃபேஸ்'. பிணமுகம்! இத்தனை சாவி, இத்தனை பூட்டு போட்டு உள்ளே ஒரு பொறியாளர் ஒளித்துவைத்த நக்கல் நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துச் செய்தாரோ, எவனாவது ஒருநாள் பார்ப்பான் என்று செய்தாரோ. நான் இரண்டாவது கட்சி.

அதைவிட அழகானது அடுத்தது. பெரிய பார்ட்டிஷனுக்குள் போய், தொடக்கத்திலிருந்து 65,536 பைட் தாண்டி, அங்கிருந்து இன்னும் 1,372 பைட் எண்ணி நிறுத்தினான். நாலு பைட். திரையில் தெரிந்தது: 19 54 01 19.

"இன்னா நம்பர் சொல்லுங்க?"

"தெரியலையேப்பா."

"பொறந்தநாளுக்கா. 1954 ஜனவரி 19."

விளையாட்டுகளை வைத்திருக்கும் இந்தப் பார்ட்டிஷனின் கோப்பு முறைமை யூஎஃப்எஸ் 2. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1980-களில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக் உருவாக்கிய குடும்பத்தின் வாரிசு. அந்த முறைமையில் ஃபார்மட் ஆகும் ஒவ்வொரு டிஸ்க்கும், 'நான் இந்த வகை' என்று சொல்லிக்கொள்ளத் தலைப்புப் பக்கத்தில் பதிக்கும் எண், அவருடைய பிறந்த தேதி! மலைப் பாறையில் காதலர்கள் பெயர் கிறுக்குவதைப் பார்த்திருப்போம். இந்த மனுஷன் உலகத்தின் கோடிக்கணக்கான டிஸ்க்குகளில் கிறுக்கியிருக்கிறார், அதிகாரபூர்வமாக. செஞ்சியில், பாதி ராத்திரியில், இழுத்துச் சாத்திய ஷட்டருக்குள் அந்தத் தேதியைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பார்ட்டிஷனை மவுன்ட் செய்தான், படிக்க மட்டும். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. 'ஹோம்' என்ற ஃபோல்டருக்குள் ஏழு சைபர் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அறை. ஒவ்வொரு அறையிலும் பயனர் பெயர் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கிடக்கிறது. முதல் அறை: ஓனர். இரண்டாவது: தோனி 7. மூன்றாவது: சுறா. நாலாவது: தேசிங்கு. உரக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "தேசிங்கு இப்ப துபாய்ல ஏசி மெக்கானிக்" என்றார். சேவ் கோப்புகள் தனியாகப் பூட்டியிருந்தாலும் அவற்றின் சின்னப் படம் பூட்டில்லாத படம்தான். ஒவ்வொன்றாகத் திறந்தது. ஆஷஸ் கிரிக்கெட் 2009. அடுத்தது. அடுத்தது. மொத்தத்தையும் பென் டிரைவில் ஏற்றினான்.

அப்போதுதான் அட்டவணையில் எதிர்பாராத ஒரு வரி இருப்பதைத் தம்பி கவனித்தான். 10 ஜிபிக்கு இன்னொரு பார்ட்டிஷன். அளவைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, இதுல யாரோ லினக்ஸ் போட்டிருக்காங்க!"

உரக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் வருவான். விளையாடவே மாட்டான். கடை சாத்துனப்புறம் அரைமணி நேரம் குடுங்கண்ணேம்பான். கீபோர்ட வேற கொண்டாருவான்." 3.21 அப்டேட் வந்த பிறகு அந்த அறைக்குள் யாரும் போயிருக்க முடியாது. பதினைந்து வருஷமாக அப்படியே பூட்டிக் கிடந்திருக்கிறது.

"திற, திற!" என்றேன் நான், வெட்கமில்லாமல்.

தம்பி திறக்கவில்லை. "அது அண்ணனோடது இல்லக்கா, அந்தப் பையனோடது. அண்ணன் நம்பர் கேட்டு வாங்கித் தரட்டும். அவன் சரின்னா தொறக்கலாம்" என்று அந்த 10 ஜிபியை மட்டும் தனிக் கோப்பாக வெட்டி, தேதி போட்டு வைத்துவிட்டான். பத்திரிகைக்காரி என்ற முறையில் எனக்கு ஏமாற்றம். மற்றபடி, என் கார்டையும் இவனிடம் கொடுத்தது நல்லதாயிற்று என்று தோன்றியது.

சட்டத்தைப் பற்றியும் அவனே பேச்செடுத்தான். 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். "பைரசி கேம் போட்டுத் தா"ன்னு மாசத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்களாம், செய்வதில்லை. சொந்தப் பெட்டி, சொந்த டிஸ்க், சொந்த சேவ் என்றால் மட்டும் மேசைக்கு வரும். என்னைக் கேட்டால், தான் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் தன் ஆட்டத்தை எடுக்கப் பாதி ராத்திரி இத்தனை கூத்து அடிக்கவேண்டியிருப்பதுதான் அநியாயம்.

இப்போது வரும் ஸ்விட்ச் போன்ற கேம் பெட்டிகளில் டிஸ்க்கைக் கழற்றுகிற கதையே இல்லை. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சில் 32 ஜிபி சேமிப்பு உள்ளேயே இருக்கிறது, பார்ட்டிஷன்களைப் பூட்ட ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள். 2018-இல் அதன் சிப்பில் கண்ட ஓட்டைக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு யூஎஸ்பி கேபிளும், வலது பக்கத் தண்டவாளத்தில் ஒரு பின்னை ஷார்ட் பண்ண வளைத்த பேப்பர் கிளிப்பும். அதில் 'யூசர்' பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் விளையாட்டும் சேவ் கோப்பும் போகும், அதோடு சரி. 'பிராட்இன்ஃபோ' என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கிறது. பெட்டியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. வரிசை எண், சான்றுகள் எல்லாம் அதில். நகல் எடுக்காமல் அதைத் தொட்டால் அந்தப் பெட்டி அநாதை. வேறு பெட்டியுடையதை வாங்கி அப்படியே ஒட்டவும் முடியாது.

பன்னிரண்டே காலுக்குச் சேவ் கோப்புகள் புது டிஸ்க்கில் ஏறின. தேசிங்கின் கிரிக்கெட் ஆட்டம் திரையில் வந்தது. உரக்கடைக்காரர் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார், ஆடவில்லை, கீழே வைத்துவிட்டார். "அவன் வரட்டும்."

எனக்கு ஆயிரம் வார்த்தை கோட்டைக் கட்டுரை இன்னும் பாக்கி. அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய பிஎஸ்3 கிடந்தால், 'டிஸ்க்கை மட்டும் எடுத்து வெச்சுக்குவோம்' என்று பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாவி பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். யார் எது கேட்டாலும் 'ஓகே' கொடுக்காதீர்கள்.